மாத்தளையில் அப்படிப் பிள்ளைகள் இல்லை

ஸெய்னுலாப்தீன் முதலாளிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். ஊர் வாயில் எப்போதும் ஒன்றுதான். மூத்தவள் றம்லா, இரத்தோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இளையவள் மஸீஹாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. அப்படி ஒருத்தி இருப்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது என்றில்லை. தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன மரியாதையோ, மண்ணாங்கட்டி மரியாதை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தையல் கடைக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. என் மனைவி கிருஷ்ணம்மாவும் றம்லாவின் உம்மா நூருன்னிஸாவும் பாதிப் பொழுதை அந்தக் கிணற்றடியில்தான் கழிப்பார்கள். உடுப்புத் துவைத்த நேரத்தைவிடப் பேசிய நேரம்தான் அதிகம்.

ஸெய்னுலாப்தீனுக்கு மிளகும் சாதிக்காயும் வியாபாரம். மிளகு காலத்தில் பின்முற்றம் முழுக்கப் பாய் விரித்துக் காயப்போட்டிருக்கும். மாத்தளை மழையை நம்ப முடியாது. அலுவிகாரைப் பக்கம் வானம் கறுத்தாலே வீடே ஓடிவந்து பாய்களைச் சுருட்டும். அப்படிச் சுருட்டுவதில் மஸீஹாதான் முதல் ஆள். இடிச்சத்தம் கேட்காது, ஆனால் காற்று மாறினால் அவளுக்குத் தெரிந்துவிடும். மற்ற நேரங்களில் சரக்கு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிக்குள் உட்கார்ந்து சாதிக்காயின் மேல் ஒட்டியிருக்கும் சிவப்பு வசவாசியை உடையாமல் உரித்தெடுப்பாள். உடைந்த வசவாசிக்கு விலை இல்லை. றம்லாவைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தால் கிட்டங்கிக் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். வந்தவர்கள் வட்டிலப்பம் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கிளம்பிப் போகும்வரை அந்தப் பிள்ளை மிளகு மூட்டைகளோடு உள்ளேதான் கிடக்கும்.

பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்று, மரவள்ளிக் கிழங்கு அவித்து வயிற்றை நிரப்பிய காலம் அது. பாதையில் அரிசிப் பையைக்கூட மறித்துச் சோதித்தார்கள். அந்தப் பஞ்சத்திலும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு, றம்லா கிட்டங்கிக்குள் நுழைந்துவிடுவாள். ஒருநாள் உப்பு கேட்டுப் போன கிருஷ்ணம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"அந்த டீச்சர் புள்ள மூஞ்சிக்கு முன்னாடி காகிதத் துண்ட பிடிச்சிக்கிட்டு 'பா, பா'ங்குதுங்க. காகிதம் ஆடுது. பொறகு சின்னவ சொல்லிப் பார்க்குது. அதோட கைய எடுத்து தன்னோட தொண்டையில வச்சிக்கிட்டுச் சொல்லிக் குடுக்குது. நான் போறேன்னு வாயால சொன்னேன், சத்தமே போடாம. சின்னவ புரிஞ்சிக்கிட்டு தலையாட்டுதுங்க."

"யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றேன் நான். ஊரோடு ஒத்த புத்தி.

முந்தின வருடம் கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி ராமநாதன் சேர் வந்திருந்தார். காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்களாம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு பள்ளிவாசலில் கேட்டார். பள்ளி ட்ரஸ்டி மக்கீன் ஹாஜியார், "நம்மட ஆளுகள்ல அப்பிடிப் புள்ளைகள் இல்ல சேர், அல்லாஹ் காப்பாத்தி வச்சீக்கான்" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். ஸெய்னுலாப்தீனும் போட்டார். ஹாஜியாரின் பேத்தி றமீஸாவுக்குக் கண் தெரியாது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? அன்று மாலை கோயிலிலும் வந்து கேட்டார். இரும்புக் கடை அழகுமுத்து, மகனுக்குக் காது கேட்காததை மறைத்து, "அந்தக் குறையெல்லாம் அம்மா நமக்குக் குடுக்கலைங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சேரும் பள்ளிவாசலில் சர்பத், கோயிலில் சுண்டல் என்று ருசி பார்த்துவிட்டு, இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வீடு வீடாகப் போய்ப் பார்க்கக் கால் இல்லையா அந்த மனிதனுக்கு?

இது நடந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் பத்திரிகையில் அந்த அறிவித்தல் வந்தது. கொழும்பில் ஒரு பல்கலைக்கழகம், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கென்று பயிற்சி ஒன்றைத் தொடங்குகிறது, சேவையில் இருக்கும் டீச்சர்மார் விண்ணப்பிக்கலாம் என்று. றம்லா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாப்பாவின் முன்னால் நின்றாள். ஸெய்னுலாப்தீன் முற்றத்தில் குந்தியிருந்து மிளகைக் கையால் அளைந்து ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்குறணைக் கலியாணப் பேச்சு முடியிற கட்டத்துல ஈக்குது. இப்ப என்னத்துக்குமா இது?"

"அவங்களுக்கும் படிச்ச புள்ளதானே வேணும் வாப்பா."

"படி. நான் வாணாம்னு செல்லல்ல. ஆனா போற எடத்துல மஸீஹாட பேச்சு எடுக்கப்படாது. தெரிஞ்ச ஒரு புள்ளைக்குப் படிப்பிச்சேன்னு செல்லு. யாரு எவருன்னு கேட்டா வாயத் தொறக்காத. எனக்கு வாக்குக் குடு."

வாக்குக் கொடுத்துவிட்டாள். வேறென்ன செய்வாள், அந்த ஒரு கதவாவது திறந்ததே என்று இருந்தது அவளுக்கு. அவளுடைய தலைமை ஆசிரியர், நல்ல பிள்ளைகளுக்கே படிப்பிக்க ஆளில்லாத நாட்டில் இது என்ன புதுப் பவிசு என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். விண்ணப்பம் போனது. நேர்முகத்துக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். வாப்பாவும் மகளும் விடியற்காலை ரயிலில் கொழும்புக்குப் போனார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் றம்லாவின் குரல் கேட்டது. அந்தக் குரல் அந்த அளவுக்கு உயர்ந்து நான் கேட்டதேயில்லை. கொஞ்ச நேரத்தில் ஸெய்னுலாப்தீன் பின்பக்கமாக வந்து என்னைக் கூப்பிட்டார்.

"லெட்சுமணன், ஒருக்கா வா. இவளுக்கு நீ சென்னாவது வெளங்குதான்னு பாப்பம்."

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே போனேன். குசினியில் மரவள்ளிக் கிழங்கு ஆவி பறந்துகொண்டிருந்தது. நூருன்னிஸா தேங்காய் துருவுவதை நிறுத்தாமல் துருவிக்கொண்டிருந்தாள். துருவலை மீது உட்கார்ந்தால் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மஸீஹா மூலையில் இருந்து ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெட்சுமணன் அண்ணன், நீங்களே கேளுங்க" என்றாள் றம்லா. "மூணு பேர் ஒக்காந்தீந்தாங்க. நான் எப்பிடிப் படிப்பிச்சேன்னு செல்லச் செல்ல அவங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஒரு அம்மா, காகிதம் வச்சிப் படிப்பிக்க யாரு சென்னாங்கன்னு கேட்டா. நானாத்தான் செஞ்சேன்னேன். பொறகு கேட்டா, அந்தப் புள்ள யாரு, எந்த ஊருன்னு."

"நீ என்னா சொன்ன?"

"என்னத்த செல்ல? வாக்குக் குடுத்தேனே. தலையக் குனிஞ்சிக்கிட்டு இருந்தேன். அந்த அம்மாட மொகம் மாறிச்சி. நான் பொய் செல்றேன்னு நெனச்சிட்டா. அந்தச் சிரிப்ப நீங்க பாக்கணும்."

"அதுக்காகவா வேணாம்னாங்க?"

"அதுக்கில்ல. எங்கெங்க புள்ளைகள் ஈக்கிறாங்களோ அந்த ஊர் டீச்சருக்குத்தான் எடமாம். கல்விக் கந்தோர்ல இருந்து வந்த கணக்கப் பாத்தாங்க. மாத்தளையில தமிழ்ல படிக்க வேண்டிய அப்பிடிப் புள்ளைகள் ஒண்ணும் இல்லியாம். ஒங்கட ஊர்ல தேவையே இல்லியே தங்கச்சி, நீங்க படிச்சி யாருக்குப் படிப்பிக்கப் போறீங்கன்னு கேட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள கல்விக் கந்தோர் திருத்திக் குடுத்தா பாப்பமாம்." அவள் வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "இல்லன்னு சென்னது யாரு வாப்பா?"

"நான் மட்டுமா சென்னேன்? ஊரே சென்னிச்சி."

"ஊருக்கா இவ புள்ள? ஒங்களுக்குப் புள்ள."

"எல்லாம் ஒனக்காகத்தான் மக." ஸெய்னுலாப்தீனின் குரல் உடைந்தது. "ஊமத் தங்கச்சி ஈக்கிற வீட்டுல பொண்ணெடுக்க எவன் வருவான்? ஒனக்குப் பொறக்கிறதும் அப்பிடித்தான்னு செல்லுவானுகள். நீ ஒரு எடத்துல போய்ச் சேர்ந்தாத்தானே நான் கண்ண மூட ஏலும்? லெட்சுமணன், நீ செல்லு. நான் செஞ்சது தப்பா?"

நான் கழுத்திலிருந்த அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினேன். றம்லாதான் சொன்னாள்.

"எனக்காகன்னு செல்லாதீங்க. எனக்காக அவளப் பூட்டி வைக்கச் சென்னேனா? அக்குறணை ஆளுகள் வந்த அன்னைக்கி உள்ளுக்குள்ள இருந்து அவ கதவத் தட்டினது ஒங்களுக்குக் கேட்டிச்சி. வந்தவங்க என்ன சத்தம்னு கேட்டாங்க. எலின்னு சென்னீங்க வாப்பா. நானும் கேட்டுக்கிட்டுத்தான் ஒக்காந்தீந்தேன். அந்த வட்டிலப்பம் என்ட தொண்டையில எறங்கல்ல."

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. நூருன்னிஸா எழுந்து, துருவிய தேங்காயைக் கிழங்கின் மேல் கொட்டி, முதல் கோப்பையை மஸீஹாவின் கையில் கொடுத்தாள். யாரும் சாப்பிடவில்லை, அவளைத் தவிர.

றம்லா சும்மா இருக்கவில்லை. மறுநாளே கல்விக் கந்தோருக்குப் போய் ராமநாதன் சேரைக் கண்டு, எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அவரும் வந்தார். அவர் வரும் செய்தி அவருக்கு முன்னால் மக்கீன் ஹாஜியாருக்குப் போயிருக்கிறது. ஹாஜியாரின் பலசரக்குக் கடை நேர் எதிரில்தான். வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து, நடு ஹாலில் முதல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ஸெய்னுலாப்தீன் என்னையும் கூப்பிட்டு இருத்தினார்.

"டீச்சர் சொல்றாங்க, இந்த வீட்லயே ஒரு பிள்ளை இருக்குன்னு" என்றார் ராமநாதன் சேர். "போன வருஷம் நீங்க இல்லைன்னு சொன்னீங்க. எதை நான் எழுதுறது முதலாளி?"

ஸெய்னுலாப்தீன் வாயைத் திறப்பதற்குள் ஹாஜியார் முந்திக்கொண்டார். "சின்னப் புள்ளையள்ட பேச்ச எடுக்காதீங்க சேர். அவக்கு எப்பிடியாச்சும் கொழும்புக்குப் போகணும், அதுக்குக் கதை கட்டுறா. நம்ம ஊரக் கேவலப்படுத்தி ஒரு படிப்பு வேணுமா? என்ன ஸெய்னுலாப்தீன், செல்லுங்க."

ஸெய்னுலாப்தீன் தரையைப் பார்த்தார். ஹாஜியாரைப் பார்த்தார். மிளகுக்கு முன்பணம் கொடுக்கிற மனிதர், அக்குறணைப் பேச்சைக் கொண்டுவந்த மனிதர். "அப்பிடி ஒண்ணும் இல்ல சேர்" என்றார். எனக்கு எழுந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

ஹாலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே பூப்போட்ட திரைச்சீலை ஒன்று தொங்கும். நான் தைத்துக் கொடுத்ததுதான். அந்நிய ஆண்கள் இருக்கும்போது நூருன்னிஸா அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் வந்ததை நான் கண்டதில்லை. பின்பக்கமாகக் குசினிவரை போகிற பக்கத்து வீட்டுக்காரன் என்னோடுகூட, ஹாலில் என்றால் திரைக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள். அன்று திரை ஒரே இழுப்பில் விலகியது. முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மஸீஹாவைப் பிடித்துக்கொண்டு, வந்து நின்றாள்.

"நான் பெத்தது ரெண்டு சேர். இது ரெண்டாவது. பேரு மஸீஹா. காது கேக்காது. எழுதுங்க."

"நூருன்னிஸா, உள்ளுக்குப் போ" என்றார் ஸெய்னுலாப்தீன்.

"போறேன். அவர் எழுதி முடிக்கட்டும். பத்து மாசம் நான் சொமந்த புள்ளைய இல்லன்னு செல்ல நீங்க யாரு? போன வருஷமும் சென்னீங்க. அன்னைக்கி நான் சோறு பொங்கினேன், நீங்க தின்னீங்க. இனி ஏலா." பிறகு ஹாஜியாரின் பக்கம் திரும்பினாள். "ஒங்கட மருமகளும் என்னப் போல வயித்தெரிச்சலோடதான் ஈக்கிறா ஹாஜியார். நீங்க கடையில ஈக்கிற நேரம் எங்கட கெணத்தடிக்கி வந்துதான் அழுவா."

ஹாஜியார் எழுந்து, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே அக்குறணையிலிருந்து ஆள் வந்தது, மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பேசியாயிற்று என்று. சொல்லியனுப்பியது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

ஆனால் ராமநாதன் சேர் ஒரு புதுக் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஒரு பிள்ளைக்காக ஒரு டீச்சரைப் பயிற்சிக்கு எடுக்க மாட்டார்களாம். ஒரு வகுப்பு நடத்தக் குறைந்தது ஆறு பிள்ளைகளாவது வேண்டும். வருகிற புதன்கிழமை மறுபடி வருகிறேன், உங்கள் ஹாலிலேயே இருந்து எழுதுகிறேன், பெற்றவர்கள் பிள்ளைகளை நேரில் கொண்டுவர வேண்டும் என்றார். றம்லா பள்ளிக்கூடம் விட்டு வந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். அழகுமுத்து முதலில் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். நாலு நாள் விடாமல் போனாள். கிருஷ்ணம்மாவும் கூடப் போய், "கோயில்ல கும்பிட்டுக்கிட்டு பொய் சொன்னீங்களே, அம்மா கேக்க மாட்டாளா?" என்று அவர் மனைவிக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள். அந்த மனுஷன் வெட்கப்பட்டு ஒப்புக்கொண்டார். ஒருத்தர் வந்ததும் இன்னொருத்தர் வந்தார். எல்கடுவைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு தகப்பன், வேலைக்குப் போகாமல், கண் தெரியாத மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி வருவதாகச் சொல்லியனுப்பினார்.

புதன்கிழமை ராமநாதன் சேர் ஹாலில் மேசை போட்டு உட்கார்ந்தார். மஸீஹாவோடு சேர்த்து ஐந்து பேர் பதிந்தாயிற்று. ஆறாவது வரவில்லை. சேர் மூன்று மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். றம்லா வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் பின்பக்கக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. கிணற்றடிச் சந்தால் மக்கீன் ஹாஜியாரின் மருமகள் வந்து நின்றாள். முக்காட்டுக்குள் மகள் றமீஸாவை அணைத்துப் பிடித்திருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை, கண் இரண்டும் மேலே பார்த்தபடி.

"சுறுக்கா எழுதச் செல்லுங்க டீச்சர். மாமா கடையில ஈக்கிறார். புள்ளட வாப்பாவுக்கு நான் சென்னேன், அவர் ஒண்ணும் பேசல்ல. எழுதிட்டு இப்பிடியே போறேன்."

றம்லா வழிவிடாமல் நின்றாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பெயர்தான். அதை வாங்கிக்கொண்டால் கொழும்பு. எனக்கே ஐயோ என்று இருந்தது, வாங்கிக்கொள் பிள்ளை என்று மனம் அடித்துக்கொண்டது.

"இங்கால வேணாம்" என்றாள். "பின்வாசலால வந்து எழுதின பேர நாளைக்கி ஹாஜியார் கந்தோருக்குப் போய் இல்லன்னு வெட்டிப்போட்டுருவார். ட்ரஸ்டிட பேச்சத்தான் கேப்பாங்க. ஊர் பாக்க முன்னால வாங்க. என்ட புள்ளன்னு பிடிச்சிக்கிட்டு வாங்க."

"என்னைய வீட்ட விட்டு தொரத்திருவார் டீச்சர்."

"அப்ப இவ பெரியவளாகி எந்தக் கிட்டங்கிக்குள்ள ஈக்கப் போறா?"

அந்தப் பெண் அழத் தொடங்கினாள். திரும்பிப் போகவும் மனமில்லை, முன்னால் வரவும் தைரியமில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாளும் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் மிளகுப் பாயே கதியென்று கிடந்த ஸெய்னுலாப்தீன், கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். குனிந்து றமீஸாவைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"நீயும் என்ட பின்னால வா மக. பேச வேண்டியத நான் பேசுறேன்."

கிணற்றடிச் சந்து வழியே சுற்றிக்கொண்டு பெரிய தெருவுக்கு வந்தார். நானும் பின்னால் போனேன். கிருஷ்ணம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாண் கியூவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸெய்னுலாப்தீன் மெதுவாகத்தான் நடந்தார், ஒளித்துக்கொண்டு ஓடுகிறவர்போல் இல்லை. ஹாஜியாரின் கடைக்கு நேரே வந்தபோது அவர் தராசோடு நின்று ஒருவருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். கண்டுவிட்டார். கை நின்றது. கியூ முழுக்கத் தன்னையே பார்ப்பதும் அவருக்குத் தெரிந்தது.

"என்ன ஸெய்னுலாப்தீன்" என்று சத்தமாகக் கேட்டார். "யார்ட புள்ள அது?"

அந்தப் பெண் கிருஷ்ணம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆனால் ஸெய்னுலாப்தீனின் தோளில் இருந்த பிள்ளைக்கு அந்தக் குரலைத் தெரியாதா? தலையைக் குரல் வந்த பக்கம் திருப்பி, சிரித்துக்கொண்டு கையை ஆட்டியது.

"மூத்தவாப்பா, நான் டீச்சர் ஊட்டுக்குப் போறேன்."

ஹாஜியார் பருப்பை மறுபடி தராசில் கொட்டினார்.

"மூத்தவாப்பா" என்று பிள்ளை இன்னும் உரக்கக் கூப்பிட்டது. பதிலுக்குக் காத்திருந்தது. பிறகு ஸெய்னுலாப்தீனின் காதருகே குனிந்து கேட்டது. "மஸீஹா ராத்தாவப் போல மூத்தவாப்பாக்கும் காது கேக்காதா?"

"கேக்குது மக" என்றார் ஸெய்னுலாப்தீன். "நல்லாக் கேக்குது."

சொல்லிவிட்டு, முன்வாசல் படியேறி உள்ளே போனார். ராமநாதன் சேர் பேனையைத் திறந்து பிள்ளையின் பெயரைக் கேட்டார்.